எத்தனை அடுப்பு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பதில் சொல்லிவிடுவாள். "பக்கத்து வீட்டுக் கணக்குப் பாக்குறாக." கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். வீடு திரும்பும்போதுதான் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே என்று தோன்றும்.

இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் என்று அக்கம்பக்கத்து நாடுகளின் அரசாங்கக் கணக்குகள் எல்லாம் ஒரே பொதுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. மக்கள்தொகை, பள்ளிக்கூடம், வேலை, வீடு, குடிதண்ணீர் எதுவானாலும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற யாரும் திறந்து பார்க்கலாம். நாலு நாட்டு எண்களும் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பார்த்த உடனே யார் உசத்தி, யார் மட்டம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள், இதுவும் அதுவும் ஒரே சரக்கு இல்லை என்று சொல்வதுதான் என் வேலை. அரசாங்கப் புள்ளியியல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்துக்காகப் பள்ளத்தூரில் வீட்டிலிருந்தபடியே இதைச் செய்கிறேன். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். அந்த அடிக்குறிப்பை எழுதுகிறவன் நான்.

உதாரணத்துக்கு, நகரம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால்தான் நகரம். இங்கே அப்படி இல்லை. எல்லை ஒரு கணக்கு. அது போக எத்தனை பேர், எவ்வளவு நெருக்கம், ஆண்கள் விவசாயம் பார்க்கிறார்களா வேறு வேலை பார்க்கிறார்களா என்று இன்னொரு கணக்கு. கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் சினிமாக் கொட்டகையும் உள்ள ஊர் அங்கே கிராமமாக நிற்கும். இது தெரியாமல் ஒருவர் மேடையில் ஏறி, அங்கே நகரங்களே வளரவில்லை என்று பேசுவார். எனக்கு ரத்தம் கொதிக்கும். "நீங்க ஏன் கத்துறீக, அவருக்கா கேக்கப் போகுது?" என்பாள் என் மனைவி.

இலங்கைப் பக்கத்துக் கணக்கைப் பார்ப்பவர் கொழும்பில் இருக்கும் ஒரு பெண். தமிழ் பேசுகிறவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் ஏறக்குறைய அந்த வயது இருக்கும். வாரத்தில் ஒரு நாள் வீடியோவில் பேசிக்கொள்வோம். ஒருமுறை, எண் கிடைக்காத ஒரு கட்டத்தில் அவர் பூஜ்யம் போட்டு அனுப்பிவிட்டார். நான் குதித்த குதியில் அந்தப் பெண் மிரண்டுபோயிருக்க வேண்டும். காலி வேறு, பூஜ்யம் வேறு. காலி என்றால் நமக்குத் தெரியாது. பூஜ்யம் என்றால் ஆள் போய்ப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று உறுதி சொல்கிறார். பார்க்காமல் ஒருத்தர் வீட்டில் பூஜ்யம் எழுத நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் கத்தி முடித்ததும் அவர் மெல்ல, "ஐயாவுக்குப் பூச்சியத்தில இவ்வளவு கோபம் வருமெண்டு எனக்குத் தெரியாது" என்றார். அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தது கொழும்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

எதற்கெடுத்தாலும் வேறுபடும் இந்த நாடுகள் ஒரே ஒரு விஷயத்தில் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. குடும்பம் என்றால் என்ன என்பதில். ரத்த உறவா என்று கேட்பதில்லை, ஒரே கூரையா என்றும் கேட்பதில்லை. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், அவ்வளவுதான். வங்கதேசத்தில் கணக்கெடுப்புக்காரர்கள் குடும்பத்துக்குச் சொல்லும் சொல்லே சாப்பாட்டிலிருந்து வந்ததுதான். என் அட்டவணைகளிலேயே சின்ன அடிக்குறிப்பு அதற்குத்தான்: பொதுச் சமையல். அதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். ஏனென்றால் அந்த விதியை எங்கள் ஆட்கள் எந்த அரசாங்கமும் சொல்லாமலே பிடித்து வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பது என்று ஒரு வழக்கம். சண்டை போட்டுப் பிரிவது இல்லை. மாமியாரே நல்ல நாள் பார்த்து, வீட்டின் பின்கட்டில் புதுத் தம்பதிக்கு என்று ஓர் அடுப்படியை ஒதுக்கி, பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு எல்லாம் கொடுத்து, இனி நீங்கள் தனியாகச் சமைத்துக்கொள்ளுங்கள் என்று விடுவது. ஒரே வாசல், ஒரே முற்றம், ஒரே சாமி அறை. அடுப்பு மட்டும் ஆளுக்கு ஒன்று. தம்பதி என்றால் கோவில் கணக்கில் ஒரு புள்ளி. எங்கள் கோவிலுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் எத்தனை ஆள் என்று அர்த்தம் இல்லை, எத்தனை தம்பதி என்று அர்த்தம். இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர் அரைப் புள்ளி.

இதையெல்லாம் ஒருநாள் கொழும்புப் பெண்ணிடம் அளந்துகொண்டிருந்தேன். "அப்ப உங்கட ஒரு வீட்டுக்குள்ள எத்தனை குடும்பம் ஐயா?" என்று கேட்டார். இப்போது இரண்டு, அண்ணன் குடும்பம் ஒன்று, நாங்கள் ஒன்று என்றேன். அரைப் புள்ளி என்றதும் அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. "அரையை எந்த நாட்டுக் கட்டத்தில போடுறது?" என்று கேட்டார். எந்தக் கட்டத்திலும் போட முடியாது, இது உலகத்திலேயே எங்களுக்கு மட்டும் உள்ள அலகு என்று நான் பெரிய மேதை மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அரைன்னா எந்தப் பாதியாம்? சமைக்கிற பாதியா, சாப்பிடுற பாதியா? கேட்டுச் சொல்லுங்க." நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த அடுப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் எங்களுக்கு என்று ஒதுக்கியது. சில மாதம்தான் அதில் சமைத்தாள். பிறகு எனக்கு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டோம். வாடகை வீடுகளிலேயே காலம் ஓடியது. அடுப்படி பூட்டிக் கிடந்தது. ஓய்வு பெற்று வந்த முதல் நாள், பெட்டியைக் கூடப் பிரிக்காமல் சாவியை வாங்கிக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போனாள். பல்லியும் ஒட்டடையும் ஒரு பழைய பாய்ச்சுருளுமாகக் கிடந்த இடத்தைத் தானே கூட்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். பழைய செங்கல் அடுப்பை இடிக்கலாம் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. அதன் மேலேயே ஒரு கல் பலகையைப் போட்டுக் கேஸ் அடுப்பை வைத்தாள். "அடியில அது இருக்கட்டும். அதுதான் நமக்குன்னு குடுத்தது" என்றாள்.

பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் மனைவியின் அடுப்படி. நாங்கள் அண்ணமிண்டி என்போம். இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் சமைப்பார்கள். ஆனால் மத்தியானம் கிண்ணம் மாறாத நாள் கிடையாது. இங்கேயிருந்து, அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டி போகும், அங்கேயிருந்து கூட்டு வரும். அரிசி இரண்டு வீட்டுக்கும் புதுவயல் மில்லிலிருந்து ஒரே ஆட்டோவில் வரும். அப்படியானால் இது ஒரே குடும்பம்தானே என்று நான் ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். "அதெப்படி? கிண்ணம் மாறுறது வேற, உலை வைக்கிறது வேற. இதுகூடத் தெரியாமத்தான் நாலு நாட்டுக் கணக்கு எழுதுறீகளா?" என்றாள். அதற்கு மேல் தெளிவான அடிக்குறிப்பை நான் எங்கேயும் படித்ததில்லை.

சாப்பாட்டுக்கு அவள் என்னைக் குரல் கொடுத்துக் கூப்பிட மாட்டாள். கரண்டியை எடுத்துப் பாத்திர விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். முன்கட்டில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் எனக்கு அது கேட்கும். "வந்துட்டேன்" என்று கத்துவேன். ஆனால் போக மாட்டேன். ஒரு வரியை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருப்பேன். மறுபடி தட்டுவாள். இந்தத் தடவை பலமாக இருக்கும். நேபாளமாவது நிலவுலகமாவது என்று எழுந்து ஓடுவேன்.

ஒருநாள் வயிற்று வலி என்றாள். நேற்றைய மசாலா ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டாள். காரைக்குடியில் காட்டினோம். அவர்கள் மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரையில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து உட்கார வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்வதற்கு யாரும் கதவைச் சாத்துவதில்லை. அவர் ஏதோ எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எண்களில் சொல்ல ஆரம்பித்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஆயுசு முழுக்க எண்களைத் தின்று வளர்ந்தவன், அன்றைக்கு ஓர் எண்ணைக் கேட்கப் பயந்தேன்.

கடைசியில் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். எழுந்து நிற்க முடிகிறவரை அடுப்படிக்குப் போனாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சமைத்தாள். பிறகு அதுவும் முடியவில்லை. நான் கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "உப்பே போடலயா, இல்ல எனக்குத்தான் தெரியலயா?" என்று கேட்டாள். போட்டிருந்தேன். போடவில்லை, மறந்துவிட்டேன் என்று சொன்னேன். "அதான பாத்தேன்" என்று அவளுக்கு ஒரு நிம்மதி. மழை விட்டிருந்த ஒரு காலையில் போய்விட்டாள். நான் வாய் விட்டு அழுதேன். எனக்கு அப்படி அழ வரும் என்று அதற்கு முன்னால் எனக்கே தெரியாது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, கோவில் வேலைகளைப் பார்க்கும் பங்காளி ஒருவர் போன் செய்தார். நெடுநேரம் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினார். பிறகு தயங்கித் தயங்கி, "அண்ணே, கணக்குல ஒங்கள இனி அரைப் புள்ளின்னு மாத்தணும். கோவிச்சுக்கிடாதீக" என்றார். இதில் கோபிக்க என்ன இருக்கிறது, சரியான கணக்குத்தானே என்றேன். போனை வைத்துவிட்டுப் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பாதியாம் என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

அடுப்படியைப் பூட்டினேன். சாப்பாடு அண்ணமிண்டியின் அடுப்பிலிருந்து வந்தது. குறை சொல்லக் கூடாது, கைப்பக்குவம் உள்ளவர்தான். ஆனால் மண்டியில் புளி ஒரு மாற்றுக் குறைவாக இருக்கும். அது அவர் தப்பில்லை. அண்ணனுக்குப் புளிப்பு ஆகாது. நாள் முழுக்க வேலை செய்தேன். குடும்ப அளவு பற்றிய அட்டவணை அந்தச் சமயம்தான் வந்தது. அதில் ஒற்றையாள் குடும்பம் என்று ஒரு பத்தி உண்டு. எத்தனையோ வருடம் அந்தப் பத்தியைக் கூட்டியிருக்கிறேன், சதவீதம் போட்டிருக்கிறேன், நாடு விட்டு நாடு ஒப்பிட்டிருக்கிறேன். அதற்குள் ஒவ்வொருவராக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கொழும்புப் பெண் வீடியோவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டவணையைப் பற்றிப் பேசவே இல்லை. "சாப்பிட்டிட்டீங்களோ ஐயா?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன், அவர் பாஷையிலேயே. இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தோம். முடியவில்லை.

இதற்கிடையில் அண்ணனுக்கு முழங்கால் மோசமாகிவிட்டது. குளியலறையும் கழிப்பறையும் பின்கட்டைத் தாண்டிக் கொல்லையில் இருக்கின்றன. படி இறங்கி ஏற வேண்டும். ஒருமுறை வழுக்கி விழுந்தார், கும்பிட்ட சாமி காப்பாற்றியது. டாக்டர் படியே கூடாது என்றுவிட்டார். அவர்கள் அறையை ஒட்டிக் குளியலறை கட்டுவதற்குத் தோதான இடம் இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்க் குழாய் உள்ள, வடிகால் உள்ள, யாரும் புழங்காத எங்கள் அடுப்படி.

அண்ணன் இதை என்னிடம் கேட்கவே இல்லை. அண்ணமிண்டியும் கேட்கவில்லை. கொத்தனார் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இங்குட்டுத்தான் சரியா வரும் ஆச்சி. அங்குட்டுப் போனா குழி தோண்டணும், செலவு கூட" என்று சொன்னதை முற்றத்திலிருந்து நானே கேட்டேன். அன்று சாப்பாடு போடும்போது அண்ணமிண்டி மட்டும், "ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க தம்பி. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். அவசரம் இருந்தது. காலையில் அண்ணன் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைக்குப் போவதை நான் தினமும் பார்த்தேன். சாவி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் எங்களுக்கு என்று ஓர் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லை என்றால் நாங்கள் என்று ஒன்று இல்லை. பெரிய மனிதன், படித்தவன், இப்படிப் பிடிவாதம் பிடிக்கலாமா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே இழுப்பறையைத் திறக்காமல் இருந்தேன்.

அந்த நிலையில்தான் கணக்கெடுப்பு வந்தது. தள்ளிப்போய்த் தள்ளிப்போய், இனி வருமா என்று நாங்கள் எல்லாம் புலம்பிக்கொண்டிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டம், வீடுகளின் கணக்கு. எங்கள் தெருவுக்கு ஒரு டீச்சர் வந்தார். சிவகங்கைப் பக்கம் விவசாயக் குடும்பம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். இப்போது எல்லாம் போனிலேயே பதிவுதான். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "கானாடுகாத்தான்ல எங்க கூட வேலை பாக்குற டீச்சர் பாவம் சார். தெருத்தெருவா பூட்டு. பூட்டுன வீட்டுக்கு ஒரு கோடு நம்பர், ஓட்டலாப் போன வீட்டுக்கு ஒரு கோடு நம்பர். இங்கயாச்சும் ஆள் இருக்கீகளே" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. எங்களுடைய எண்கள் எல்லாம் கடைசியில் இந்த மாதிரி ஒருவர் வெயிலில் நடந்து வந்து தண்ணீர் கேட்பதிலிருந்துதான் ஆரம்பமாகின்றன.

அண்ணன் சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். அண்ணமிண்டி காபி டம்ளருடன் நிலைப்படியில் நின்றார். டீச்சர் போனைப் பார்த்துக் கேட்டார். "இந்த வீட்ல எத்தன குடும்பம் சார்? ஒண்ணாச் சமைக்கிறீகளா, தனித்தனியாவா?"

அண்ணன் தன் முழங்காலைப் பார்த்தார். அண்ணமிண்டி என்னைப் பார்த்தார். விதி எனக்கு மனப்பாடம். பூட்டிய அடுப்படி அடுப்படி ஆகாது. அண்ணமிண்டி கையால் மூன்று வேளை சாப்பிடுகிறவன் அண்ணன் குடும்பத்தில் ஓர் ஆள். வேறு யாராவது தங்கள் வீட்டைப் பற்றி இதை என்னிடம் கேட்டிருந்தால் அரை நொடியில் சொல்லியிருப்பேன்.

"ரெண்டு" என்றேன்.

டீச்சர் சரி என்று அண்ணன் குடும்பத்தை முதலில் எடுத்துக்கொண்டார். எத்தனை பேர்? இரண்டு. தலைவர் பெயர். எத்தனை அறை? எத்தனை தம்பதி? "ஒண்ணு" என்றார் அண்ணமிண்டி, கொஞ்சம் வெட்கத்துடன். தண்ணீர் எங்கிருந்து, விளக்கு எது, கேஸா விறகா என்று மளமளவென்று போனது. பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது குடும்பம். எத்தன பேர் சார்?"

"ஒருத்தர்."

"தலைவர் நீங்கதான். அறை?"

சொன்னேன்.

"தம்பதி எத்தன சார்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் அது இருக்கிறது என்பதும், எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாததா? ஆனாலும் அது என்னை நோக்கி வரும்போது நான் தயாராக இல்லை.

"அரை" என்றேன்.

டீச்சர் சிரித்தார். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார், பாவம். "என்ன சார்?" என்றார். நிலைப்படியில் அண்ணமிண்டி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அதைப் பார்த்ததும் டீச்சருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது.

"முழு நம்பர்தான் சார் எடுக்கும்" என்றார் மெதுவாக. "ஜீரோன்னு போட்டுக்கவா?"

"காலியா விட்டுற முடியாதா?"

"விட்டா அடுத்த கேள்விக்கு நகராது சார்."

அவர் விரல் அந்த எண்ணுக்கு மேலே நின்றது. போய்ப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அவள் சுண்ணாம்பு அடித்த அறையும், இது நமக்கென்று கொடுத்தது என்று அவள் காப்பாற்றி வைத்த அடுப்பும் பின்கட்டில் இருக்க, என் வாயாலேயே அப்படி எழுதச் சொல்ல வேண்டும். என்னால் ஆகவில்லை. அந்த அடுப்பே கணக்கில் இல்லாமல் போகட்டும், அதன் பேரில் ஒரு பூஜ்யம் மட்டும் விழ வேண்டாம் என்று தோன்றியது.

"அந்தக் குடும்பத்தை எடுத்துருங்கம்மா" என்றேன். "தப்பாச் சொல்லிட்டேன். ஒரே அடுப்புத்தான். ஒரு குடும்பம். மூணு பேர்."

அண்ணன் தலை நிமிர்ந்து, "நீ சொன்னதே இருக்கட்டும்டா" என்றார். அண்ணமிண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ரெண்டாவே இருந்துட்டுப் போகட்டுமே தம்பி. யாருக்கு என்ன நட்டம்?"

"கணக்கு தப்பாப் போயிரும் அண்ணமிண்டி" என்றேன். டீச்சர் பொறுமையாகப் பின்னால் போய் அழித்துத் திருத்தினார். குடும்பம் ஒன்று. ஆட்கள் மூன்று. தம்பதி ஒன்று. எல்லாம் சரியாக இருந்தது. எந்த நாட்டோடும் ஒப்பிடலாம். அந்தப் போனில் அடிக்குறிப்புக்கு மட்டும் இடம் இல்லை.

அவர் போன பிறகு இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டுபோய் அண்ணமிண்டியிடம் கொடுத்தேன். கொத்தனாருக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அண்ணன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு நிற்பதே கஷ்டம்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். குடும்ப அளவு அட்டவணையைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பின்கட்டில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. சாமான்களை எடுத்து வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்க்கத் தெம்பு இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு தாளிக்கும் வாசனை வந்தது. அண்ணமிண்டி அடுப்படியிலிருந்து தினமும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். நேபாளத்தின் பத்தியில் ஒரு வரி பாக்கி இருந்தது.

அப்போது கேட்டது. பாத்திர விளிம்பில் கரண்டி. இரண்டு தட்டு.

"வந்துட்டேன்" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. கை அப்படியே கீபோர்டின் மேல் நின்றுவிட்டது. மறுபடி தட்டுவதற்கு முன்னால் எழுந்து போனேன். அந்த ஒரு நாளாவது அவளைக் காக்க வைக்கவில்லை.

அடுப்படிக் கதவு திறந்திருந்தது. கல் பலகையின் மேல் அவளுடைய கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய பாத்திரங்களில் சோறும் குழம்பும் மண்டியும். அண்ணமிண்டி வியர்த்துப்போய்க் கரண்டியுடன் நின்றார். "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நேரம் இதுல எல்லாருக்குமா வெச்சுருவோம்னு தோணுச்சு தம்பி" என்றார். "தட்டுனது தப்பா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, தரையில் உட்கார முடியாமல், வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்று பேரும் அங்கேயே சாப்பிட்டோம். மண்டியில் புளி அவள் போடுகிற அளவுக்கு இருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நாலு நாடும் ஒத்துக்கொண்ட விதிப்படி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அந்த ஒரு மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் அவளுடைய குடும்பம்.

அதற்கு மறுநாள் கொத்தனார் வந்தார்.